மூன்றாவது முகத்துக்குப் பொட்டு இல்லை

7

"பிரெஞ்சுக்காரன் நோட்டு சார்! ஐந்நூறு பிராங்க்! யூரோ வந்ததும் செத்துப்போன பணம். செத்த பணத்தப் பாத்து வெடிக்கு லேபிள் அடிச்சிருக்கானே, அவன் மனுசன் இல்ல சார், பிரம்மா!"

பைக்கின் பின்னால் உட்கார்ந்து புகழேந்தியின் காதுக்குள் கத்தினார் மணிமுத்து. ஒரு கையில் போன். தலையில் ரோஸ் நிற ஹெல்மெட். அது அவர் தலைக்குள் இறங்காமல் உச்சியில் தொப்பி மாதிரி நின்றது. அது புகழேந்தியின் மனைவி அருணாதேவியுடைய ஹெல்மெட். போன வருடம் அவள் ஒரு காய்ச்சலில் போன பிறகு, அதை என்ன செய்வது என்று புகழேந்திக்குத் தெரியவில்லை. ஒருநாள் மணிமுத்து தானாகவே எடுத்து மாட்டிக்கொண்டார். புகழேந்தி தடுக்கவில்லை. இப்போதெல்லாம் அவன் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை.

சாத்தூர் தாண்டி, சிவகாசி ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினான்.

"காட்டுங்கண்ணே."

மணிமுத்து அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சாத்தூர் - ஏழாயிரம்பண்ணை மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பஸ் நின்றுபோனதும் விருதுநகரில் புகழேந்தியின் துப்பறியும் ஆபீஸில் வந்து உட்கார்ந்துகொண்டவர். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கிற வேலை. குடிப்பாரா, கடன் உண்டா, வேறு தொடுப்பு உண்டா. நான்கு பேர் செத்த வழக்கு அந்த மேசைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே ஒரு பட்டாசு ஆலையில் கடைசி ரூம் வெடித்தது. உள்ளே தயாரானது சரவெடி. சரவெடிக்குத் தடை. ஆலைக்காரர் கையை விரித்துவிட்டார். "அந்த ரூமைப் பாண்டிமுருகன் என்று ஒருத்தருக்கு உள்குத்தகைக்கு விட்டேன். பேசி முடித்தது எங்கள் போர்மேன் சுடலை. பாண்டிமுருகனை நான் கண்ணால் பார்த்ததில்லை." பாண்டிமுருகனை வேறு யாரும் பார்த்ததில்லை. கையில் கிடைத்தவர் சுடலை. போலீஸ் அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டது.

சுடலையின் மனைவி செல்வலட்சுமி ஆபீஸுக்கு வந்து நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றபடியே சொன்னாள்.

"பாண்டிமுருகனப் பிடிச்சாத்தான் எங்க வீட்டுக்காரருக்கு பெயிலு கேக்க முடியும்னு வக்கீலு சொல்றாரு. பிடிச்சுக் குடுங்க தம்பி. ஆனா போலீசுக்குக் குடுக்கு முன்னால எனக்கு ஒரு தடவ காட்டுங்க. செத்த நாலு பேர்ல என் கூடப் பெறந்தவ ஒருத்தி. சண்முகத்தாயி. என் தங்கச்சிய எரிச்சவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

புகழேந்தியிடம் இருந்த ஒரே தடயம் மணிமுத்து பொறுக்கியது. வெடித்த இடத்திலிருந்து தள்ளி, வேலிக்கருவை முள்ளில் சொருகிக் கிடந்த உள்ளங்கை அகல லேபிள். மேல் பாதி கருகி, பெயர் போய்விட்டது. மிச்சத்தில் பச்சை நிறம், 500 என்ற எண், கண்ணாடிக் குடுவைகள், ஒரு வெள்ளைக்காரப் பெண், தாடி வைத்த வெள்ளைக்கார ஆண்.

போனில் இருந்த நோட்டிலும் அதே பச்சை, அதே 500, அதே இரண்டு பேர். மேரி கியூரி, பியர் கியூரி. புருஷனும் பெண்டாட்டியும் விஞ்ஞானிகள். ரேடியத்தைக் கண்டுபிடித்தவர்கள்.

"சரவெடியில ஐந்நூறு வாலா. அதுக்கு ஐந்நூறு பிராங்க் நோட்டு. பொருத்தம் பாத்திருக்கான் சார்" என்றார் மணிமுத்து. "ஜாதகம் பாக்கிறவன்கூட இம்புட்டுக் கச்சிதமாப் பாக்க மாட்டான்."

புகழேந்தி லேபிளையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தான்.

"ரெண்டு வித்தியாசம் இருக்கு."

"சொல்லுங்க."

"லேபிள்ல இந்தம்மாவுக்குப் பொட்டு இருக்கு."

"அட, ஆமா! மேரியம்மாள மாரியம்மாளாக்கிட்டான்!"

"இன்னொண்ணு. ஓரத்தில் வெள்ளையாக இருக்கிற இடத்தைப் பாருங்க. போன் படத்தில் அங்கே ஒன்றும் இல்லை. லேபிள்ல ஒரு முகம் இருக்கு."

மணிமுத்து கண்ணைச் சுருக்கினார். இருந்தது. மங்கிய பச்சைக் கோட்டில், புகை மாதிரி. அதே பெண். தனியாக.

"அது வாட்டர்மார்க். நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். போன் படத்தைப் பார்த்து வரைகிறவனுக்கு அப்படி ஒரு முகம் இருப்பதே தெரியாது."

"அப்போ?"

"இதை வரைந்தவங்க கையில் அசல் நோட்டு இருக்கு."

மணிமுத்து ஹெல்மெட்டைக் கழற்றி மரியாதையாக மடியில் வைத்துக்கொண்டார். "சார், நீங்க பேசுறதே கம்மி. பேசினா இப்படிப் பேசுறீக."

புகழேந்தி போனில் இன்னும் கொஞ்சம் படித்தான். பியர் கியூரி 1906இல் பாரிஸ் தெருவில் குதிரை வண்டிச் சக்கரம் ஏறிச் செத்தார். அதற்குப் பிறகும் அந்த அம்மாள் வெகுகாலம் வாழ்ந்தாள். வேலை செய்தாள். இன்னொரு நோபல் பரிசு வாங்கினாள். அதெல்லாம் அவளால் எப்படி முடிந்தது என்று அதில் போடவில்லை. அவன் போனை அணைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

*

ரோட்டோரத்து வெடிக்கடையில் ஆவுடைத்தாய் என்ற அம்மாள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீசன் இன்னும் தொடங்கவில்லை. அலமாரி முழுக்கப் பெட்டிகள், பெட்டிகள் முழுக்கப் பெண்கள். இளவரசி, பரதநாட்டியக்காரி, பொன் நிற முடி வைத்த பொம்மை, விண்வெளி உடுப்புப் போட்டவள்கூட. எல்லோர் நெற்றியிலும் பொட்டு.

"ஏன்க்கா, விண்வெளிக்குப் போறவ எதுக்குப் பொட்டு வச்சுட்டுப் போறா?" என்றார் மணிமுத்து.

"ஏலே, நீ வெடி வாங்க வந்தியா, வாயடிக்க வந்தியா? வெறும் நெத்தியா இருக்கிற பொம்பள படத்த நல்ல நாள்ல எவ வீட்டுக்குக் கொண்டு போவா? பெட்டி அப்படியே தங்கிரும். அதான் யாரு படமா இருந்தாலும் டிசைன் போடுறவக பொட்டு வச்சிருவாக."

"எல்லாரும் ஒரே பொட்டா வைப்பாங்க?" என்று கேட்டான் புகழேந்தி.

"அதெப்படி? அவுகவுக கைக்கு வர்றது."

அவன் லேபிளை வைத்துக்கொண்டு அலமாரியை மெதுவாகப் பார்த்து வந்தான். வட்டப் பொட்டு. நீளப் பொட்டு. நாமம் மாதிரி ஒன்று. அவன் கையில் இருந்தது வேப்பிலை வடிவம், அதற்குக் கீழே ஒரு புள்ளி. கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்றில் அதே வேப்பிலை, அதே புள்ளி. பக்கத்துப் பூச்சட்டிப் பெட்டியிலும். இரண்டையும் புரட்டினான். அடியில் எறும்பு எழுத்தில்: டிசைன், ஹரிஷ் கிராபிக்ஸ், சிவகாசி.

"கைரேகை வைக்காம நெத்திரேகை வச்சுட்டுப் போயிருக்கான்" என்றார் மணிமுத்து. "யக்கா, ஒரு பாக்கெட் மத்தாப்பு குடுங்க. வாயடிச்சதுக்கு."

*

ஹரிஷ்குமாருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். மாடி அறை. ஏசி, இரண்டு கம்ப்யூட்டர், சுவரெல்லாம் லேபிள். வாசலில் மட்டும் கடைக்கதவு மாதிரி ஒரு பெரிய இரும்புக் கதவு.

லேபிளைப் பார்த்ததும் சிரித்தான். "இது எங்க வேலைதான். இந்தப் பிள்ளைய மறக்க முடியுமா?"

"எந்தப் பிள்ளை?"

"வரைஞ்சுட்டு வந்த பிள்ளைங்க. காலேஜ் படிக்குது. அப்பாவோட வந்துச்சு. அவரு பேரு பாண்டிமுருகன்னு சொன்னாரு."

மணிமுத்து புகழேந்தியைப் பார்த்தார். புகழேந்தி லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க."

"பென்சில்ல வரைஞ்சு வச்சிருந்துச்சு. நல்ல கை. நான் வழக்கம்போல நெத்தியில பொட்டு வச்சேன். அது சண்டைக்கு வந்துருச்சு. 'அண்ணே, அவங்க சயின்டிஸ்ட். அவங்க பொட்டு வைக்க மாட்டாங்க'ன்னு. நான் சொன்னேன், 'பாப்பா, வெடி வாங்குறவங்க சயின்டிஸ்ட் இல்ல'ன்னு. அப்பாக்காரரு தலைய ஆட்டிட்டாரு. வச்சேன். அப்புறம் இந்த ஓரத்து மொகத்துக்கும் வைக்கப் போனேன். என் கையப் பிடிச்சிருச்சு."

"ஏன்?"

"அசல் நோட்டு வச்சிருந்துச்சு. ஏதோ சயின்ஸ் போட்டியில ஜெயிச்சதுக்கு ஒரு டீச்சர் குடுத்தாங்களாம். அத ட்யூப்லைட்டுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சுக் காமிச்சுச்சு. 'இங்கன பாருங்க, முன்னால ரெண்டு பேரா இருக்காங்க. வெளிச்சத்துல பாத்தா இவங்க மட்டும் தனியா இருக்காங்க. வீட்டுக்காரரு செத்துட்டாரு. இதுக்காவது வைக்காதீங்க'ன்னுச்சு. எனக்கு என்னமோ போல ஆயிருச்சுங்க. விட்டுட்டேன்."

புகழேந்தி லேபிளைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"பாண்டிமுருகன் எப்படி இருப்பார்?" என்றான் புகழேந்தி. "முதலாளி மாதிரியா?"

"முதலாளியா? அவரு இந்தச் சேர்லகூட உக்காரல. நாங்க பின்னால பேசிச் சிரிச்சோம். உள்ள வர்றதுக்கு முன்னால இரும்புக் கதவுல உள்ளங்கைய முழுசாப் பதிச்சு, கொஞ்சம் நின்னு, அப்புறமா கால எடுத்து வச்சாரு. கோயில்ல வாசப்படியத் தொட்டுக் கும்பிடுவாங்கள்ல, அந்த மாதிரி."

மணிமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சார், அது சாமி கும்பிடுறது இல்ல. மருந்து ரூம் பழக்கம். வெடிமருந்து கலக்குற ரூம் வாசல்ல ஒரு செம்புத் தகடு இருக்கும். அதுல கைய வச்சுட்டுத்தான் உள்ள போகணும். ஒடம்புல இருக்கிற கரண்டு மண்ணுக்கு இறங்கிரணும். இல்லாட்டி ஒரு பொறி போதும். என் பஸ்ல ஏறும்போதுகூட அந்த ஆளுக கம்பிய அப்படித்தான் பிடிப்பாக. நான் கிண்டல் பண்ணுவேன். முதலாளிமாரு அந்த ரூம் பக்கமே போக மாட்டாக, சார். இவன் முதலாளி இல்ல."

புகழேந்தியின் கண்ணுக்குள் விருதுநகர் சிறை வந்து நின்றது. போன வாரம் சுடலையைப் பார்க்கப் போயிருந்தான். சுடலை உள்ளேயிருந்து வந்தார். பேசுவதற்கு முன்னால் கம்பியில் உள்ளங்கையைப் பதித்தார். ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றார். மயக்கமாக இருக்கும், சாப்பிட்டிருக்க மாட்டார் என்று புகழேந்தி நினைத்துக்கொண்டான். பிறகு அவர் ஒரே ஒரு வரி சொன்னார்: "பாண்டிமுருகனத் தேடாதீக தம்பி. அவன் கிடைக்க மாட்டான்."

பயத்தில் சொல்கிறார் என்றும் நினைத்துக்கொண்டான்.

செல்வலட்சுமி கொடுத்திருந்த சுடலையின் போட்டோவைப் போனில் எடுத்து ஹரிஷ்குமாரிடம் நீட்டினான்.

"இவருதாங்க" என்றான் ஹரிஷ்குமார். "இவரு போட்டோ உங்ககிட்ட எப்படி? இவருக்கு என்ன ஆச்சு?"

*

திரும்பி வருகிற வழியில் மணிமுத்து ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. ஏழாயிரம்பண்ணை திருப்பத்தில்தான் வாயைத் திறந்தார்.

"நேரா விருதுநகர் போயிருவோமா சார்? கிடைக்கலன்னு சொல்லிருவோம்."

"சொன்னால்?"

"அந்தம்மா தேடிக்கிட்டே இருக்கும்."

"கிடைச்சாச்சுன்னு சொன்னால்?"

மணிமுத்து யோசித்தார். "அவரு வெளிய வரவே மாட்டாரு. அந்தம்மாவுக்குத் தங்கச்சியும் போயி, புருசனும் போயி... அந்தப் பிள்ள வேற." காற்றில் அவர் குரல் கிழிந்தது. "இப்படியும் அவரு உள்ளதான். அப்படியும் உள்ளதான். என்ன சார் வழக்கு இது?"

வெயிலில் காடு காய்ந்து கிடந்தது. தூரத்தில் ஆலைகளின் சின்னச் சின்ன ரூம்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்கட்டும் என்று கட்டியவை.

சுடலையின் வீட்டில் அவர் மகள் பானுப்பிரியா மட்டும் இருந்தாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புகழேந்தி லேபிளை எடுத்து நீட்டினான். அவள் ஈரக் கையைத் துடைக்கவில்லை. வாங்கவும் இல்லை.

"அம்மா அப்பாவப் பாக்கப் போயிருக்கா" என்றாள். "வர்ற நேரந்தான். உள்ள வாங்க."

"இங்கேயே நிக்கிறோம்."

"ஹரிஷ் அண்ணன் சொல்லிட்டாரா?"

"உன் அப்பா கதவில் கை வச்சதைச் சொன்னார்."

அவள் ஒரு சட்டையை உதறினாள். அது சுடலையின் சட்டை. அவர் இல்லாவிட்டாலும் அதைத் துவைத்திருந்தாள்.

"காலம் பூரா அடுத்தவன் பெட்டிக்கே மருந்து கலக்குறேன், ஒரு தடவ என் லேபிள் ஒட்டின பெட்டிய நான் பாக்கணும்னாரு. அம்மாகிட்டச் சொன்னா விட மாட்டா. அவளோட அண்ணன் அந்த மாதிரி ரூம் எடுத்துத்தான் செத்தாரு. அதனால வேற பேரு. ஒரு சீசன் மட்டும். அப்புறம் விட்டுருவேன்னாரு."

"உனக்குத் தடை தெரியாதா? சரவெடிக்கு?" கேட்டது மணிமுத்து.

"தெரியும்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எல்லாம் தெரியும்."

இந்த மாதிரி இடத்தில் துப்பறிகிறவன் கையைக் கட்டிக்கொண்டு கோபமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். புகழேந்திக்கு வாக்கியம் வரவில்லை. கோபமும் வரவில்லை. அவளுக்கு எந்த உதவியும் செய்ய முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"அம்மாகிட்டச் சொல்லாதீங்க" என்றாள் அவள். "அப்பா சத்தியம் வாங்கியிருக்காரு. அம்மாவுக்கு இருக்கிறது அவரு ஒருத்தருதான்."

தெருமுனையில் ஷேர் ஆட்டோ நின்றது. செல்வலட்சுமி இறங்கி வேகவேகமாக வந்தாள். முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் மணிமுத்து கொடியில் காய்கிற துணியைப் பார்த்தார்.

"வாங்க தம்பி! எப்ப வந்தீக? ஏட்டி, தண்ணி குடுத்தியா இல்லையா?" பதிலுக்கு நிற்காமல் தன் போனை எடுத்தாள். "நீங்க அனுப்பினீகள்ல லேபிள் படம், அத என் தங்கச்சி போட்டோவோட சேத்து நான் எல்லாருக்கும் வாட்சப்புல அனுப்பிட்டேன். 'இந்த லேபிள் யாருதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, என் தங்கச்சிய எரிச்சவன் இவன்தான்'னு போட்டுட்டேன். சிவகாசி, சாத்தூரு, ஆலங்குளம் வரைக்கும் போயிருச்சாம். இனி எங்கன போயி ஒளிவான் அவன்?"

படத்தை அவளுக்கு அனுப்பியது புகழேந்திதான். நம்பிக்கையாக இருக்கட்டும் என்று அனுப்பினான்.

"அவரப் பாத்துச் சொன்னேன் தம்பி. இப்படிப் பண்ணியிருக்கேன்னு. ஒண்ணுமே பேசல. கம்பியப் பிடிச்சிட்டு நின்னாரு. அழுதாரு. தெம்பா இருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்." போனை மகளிடம் நீட்டினாள். "ஏட்டி, நீ படிச்சவ. இந்தப் படத்துல இருக்கிற பொம்பள யாருன்னு பாரு. இவளப் பிடிச்சா அவனப் பிடிச்சிரலாம்."

பானுப்பிரியா போனை வாங்கினாள்.

"மேரி கியூரிம்மா."

"எந்த ஊருக்காரி?"

"வெளிநாடு."

"இது? ஓரத்துல மங்கலா இருக்கே, இதுவும் அவதானா?"

"அவங்கதான்."

"ரெண்டு தடவ எதுக்கு?"

"இதுல அவங்க வீட்டுக்காரரு செத்துட்டாரும்மா."

செல்வலட்சுமி படத்தைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். புகழேந்தியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதெப்படி ஒனக்குத் தெரியும்?"

"நான்தாம்மா வரைஞ்சேன்."

செல்வலட்சுமி கத்தவில்லை. கையில் இருந்த சாப்பாட்டுத் தூக்கை மெல்லக் கீழே வைத்தாள். சுடலை தொடாமல் திருப்பி அனுப்பிய சோறு அதில் இருந்தது. பிறகு அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். இரண்டு நாற்காலி இருந்த ஆபீஸில் உட்காராதவள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அது நம்ம ரூமுன்னு சண்முகத்தாய்க்குத் தெரியுமாட்டி?"

மணிமுத்து ஹெல்மெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு புகழேந்தியைப் பார்த்தார். ஏதாவது சொல்லுங்க சார் என்கிற பார்வை.

பானுப்பிரியா அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தெரியும். வேற யாருக்கும் சொல்லாம சித்திகிட்ட மட்டும் அப்பா சொன்னாரு. 'நம்ம கம்பெனி, மாமா'ன்னு சொல்லிட்டு, வேற வேலைய விட்டுட்டு வந்துச்சு. மொதப் பெட்டிக்கு லேபிள் ஒட்டினது சித்திதான்."